அம்மா நம்புவதும் பாப்பா நடப்பதும்

மாலையில் சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தின் எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரு கைக்குழந்தையாவது கண்ணில் படும். அடுக்குமாடி வாசலில் பாட்டியின் இடுப்பில் ஒன்று. ஐயப்பன் கோயில் வரிசையில் அப்பாவின் தோளில் ஒன்று. மந்தைவெளிப் பக்கம் தள்ளுவண்டித் தக்காளியைப் பிடிக்கக் கை நீட்டிக்கொண்டு இன்னொன்று. அடுத்த முறை பார்க்கும்போது அந்தக் குழந்தையின் கன்னத்தைக் கவனியுங்கள். ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும். அழகுக்கு வைத்த பொட்டாக இருந்தால் நெற்றி நடுவில் இருக்க வேண்டும். இது வேண்டுமென்றே ஓரமாக, பெரிதாக, கோணலாக இருக்கும்.

இன்றைய அறிவியலை அந்தப் பொட்டிலிருந்து தொடங்கலாம். பெற்றோர் எதை நம்புகிறார்கள், அந்த நம்பிக்கை குழந்தையின் உடம்பையும் பேச்சையும் எப்படிப் போய்த் தொடுகிறது என்று கண்டுபிடிப்பதையே தங்கள் வேலையாகக் கொண்ட அறிஞர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் தமிழ்நாட்டுக்கும் வந்திருக்கிறார்கள். மார்கரெட் டிராவிக் என்ற அமெரிக்க மானிடவியலர் ஒரு தமிழ்க் குடும்பத்தோடு தங்கிப் பழகி, அந்த வீட்டில் அன்பு எப்படியெல்லாம் இருந்தது என்று ஒரு புத்தகமே எழுதினார். 1990-ல் அது வெளிவந்தது. அவரை வியக்க வைத்த விஷயங்களில் ஒன்று, தமிழ் அம்மாக்கள் அன்பை மறைத்துக்கொள்வது. குழந்தையை வாய்விட்டுப் புகழ மாட்டார்கள். ஊரார் கண் மட்டுமல்ல, பெற்றவள் ஆசையாகப் பார்த்தாலும் கண் பட்டுவிடும் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது.

ஏன் இப்படி ஒரு பயம்? பதில் ஓர் எண்ணில் இருக்கிறது. சுமார் 100 ஆண்டுகளுக்கு முன்பு இந்தியாவில் 1000 குழந்தைகள் பிறந்தால், அவர்களில் 200 பேர் அளவுக்கு முதல் பிறந்தநாளைப் பார்க்காமலே இறந்துபோனார்கள். ஐந்தில் ஒன்று! நேற்று சிரித்து விளையாடிய குழந்தைக்கு இன்று காய்ச்சல். நாளை அது இல்லை. கிருமி என்று ஒன்று இருப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. காரணம் தெரியாத இடத்தில் மனம் ஒரு காரணத்தைத் தேடும். ‘குழந்தை அழகாக இருந்தது, யாரோ பார்த்துப் பொறாமைப்பட்டார்கள்’ என்பது அந்தக் காலத்துக்குக் கைக்கெட்டிய காரணம்.

அதனால்தான் குழந்தையை மதிப்பில்லாததுபோல் காட்டினார்கள். முன்பு பிறந்தவை தங்காமல் போன வீட்டில், அடுத்த குழந்தைக்குப் பிச்சை என்றும் குப்பன் என்றும் பெயர் வைத்தார்கள். சில ஊர்களில் குழந்தையைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு, ஒரு முறம் தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். “உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்” என்று உங்கள் வீட்டில் யாராவது உங்களைச் சீண்டியிருக்கிறார்களா? அழுதிருப்பீர்கள். அந்தக் கேலிக்குப் பின்னால், பிள்ளையை எப்படியாவது பிழைக்க வைக்கத் துடித்த ஒரு கொள்ளுப்பாட்டி இருக்கிறாள்.

கென்யாவில் குசீ மக்களிடையே ஆராய்ந்த ராபர்ட் லெவைன் என்ற அறிஞர் இதைப் பொதுவான விதியாகவே சொன்னார். உலகத்தில் எந்தப் பெற்றோருக்கும் முதல் குறிக்கோள் பிள்ளை உயிரோடு இருக்க வேண்டும் என்பது. ஆபத்து எங்கே அதிகமோ, அங்கே பிள்ளை வளர்ப்புப் பழக்கங்கள் அந்த ஆபத்தைச் சுற்றியே உருவாகும். ஆபத்து குறைந்த பிறகும் பழக்கம் நெடுநாள் நிற்கும். 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் பிறக்கும் 1000 குழந்தைகளில் ஓராண்டுக்குள் இறப்பது 13. தடுப்பூசியும், சுத்தமான தண்ணீரும், மருத்துவமனைப் பிரசவமும், கிராமம் கிராமமாக நடக்கும் செவிலியர்களும் சேர்ந்து 200-ஐ இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். பொட்டு மட்டும் கன்னத்தில் அப்படியே இருக்கிறது.

கன்னத்துப் பொட்டால் கெடுதல் இல்லை, இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அதே மையைக் கண்ணுக்குள் தீட்டினால் கதை வேறு. கடையில் விற்கும் சில கண்மைகளில் ஈயம் இருந்ததைச் சோதனைச்சாலைகள் கண்டிருக்கின்றன. வளரும் மூளைக்கு ஈயம் துளி அளவும் ஆகாது. நம்பிக்கை ஒன்றுதான்; கை போகும் இடம் அரை அங்குலம் மாறினால் விளைவே மாறுகிறது. ஆகவே ஒரு வழக்கத்தைப் பார்த்ததும் ‘பழசு, மூடநம்பிக்கை’ என்று ஒரே வார்த்தையில் தள்ளுவதும் அறிவியல் இல்லை. ‘பெரியவர்கள் செய்தால் சரியாகத்தான் இருக்கும்’ என்பதும் அறிவியல் இல்லை. இந்தக் கை என்ன செய்கிறது, அதனால் குழந்தைக்கு என்ன ஆகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

தென் மாவட்டங்களில் சேனை வைப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. பிறந்த குழந்தையின் நாக்கில், ஊர் மதிக்கும் ஒருவர் கையால் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைப்பார்கள். வைப்பவரின் குணம் குழந்தைக்கு வரும் என்று நம்பிக்கை. யாரைக் கூப்பிடுவது என்று குடும்பமே உட்கார்ந்து யோசிக்கும். நம் பிள்ளை நல்லவனாக, நல்லவளாக வர வேண்டும் என்ற ஆசை எவ்வளவு அழகானது! ஆனால் பிறந்த குழந்தைக்கு முதலில் கிடைக்க வேண்டியது தாயின் சீம்பால். மஞ்சளாக, கெட்டியாக, கொஞ்சமாகச் சுரக்கும் அந்தப் பாலில் நோயை எதிர்க்கும் புரதங்கள் நிறைந்திருக்கின்றன. பிறந்த 1 மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தொடங்க வேண்டும், 6 மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தேனில் சில நேரம் ஒரு பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். நம் வயிறு அதைச் சமாளித்துவிடும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் குடலிலோ அது முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சைச் சுரக்கலாம். அந்தப் பெரியவர் மீது மரியாதை இருந்தால், குழந்தையை அவர் மடியில் வைத்துப் பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லலாம். நாக்கில் எதுவும் வைக்க வேண்டியதில்லை.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன்.

தமிழில் பிள்ளைத்தமிழ் என்று ஒரு வகை இலக்கியம் உண்டு. கடவுளையோ அரசரையோ பெரியவரையோ குழந்தையாக நினைத்து, அம்மாவின் குரலில் பாடுவது. 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன்மேல் பாடினார். 17-ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சியம்மைமேல் பாடினார். நபிகள் நாயகம்மேலும் பிள்ளைத்தமிழ் இருக்கிறது, காந்தியின்மேலும் இருக்கிறது. இந்த நூல்கள் எல்லாமே குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரிக்கின்றன. மாதக் கணக்கு இலக்கண நூலுக்கு நூல் கொஞ்சம் மாறும். பரவலாகச் சொல்லப்படும் கணக்கில் காப்புப் பருவம் 3-ஆம் மாதம். அங்கிருந்து இரண்டிரண்டு மாதமாக ஏறி 21-ஆம் மாதத்தில் பத்தாவது பருவம் முடியும்.

5-ஆம் மாதம் செங்கீரை: குழந்தை இரு கையையும் தரையில் ஊன்றி, ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, தலையைத் தூக்கி ஆடும். 7-ல் தால்: நாவை ஆட்டி அம்மா தாலாட்டும் காலம். 9-ல் சப்பாணி: கை கொட்டும். 11-ல் முத்தம் கேட்டால் கொடுக்கும். 13-ல் வருகை: ‘வா வா’ என்றால் தள்ளாடி நடந்து வரும். 15-ல் அம்புலி: நிலாவை விளையாடக் கூப்பிடுவது. 17-ல் மணல் வீடு, அதாவது சிற்றில்.

இப்போது ஒரு குழந்தை மருத்துவரின் சுவரில் தொங்கும் வளர்ச்சி அட்டவணையைப் பாருங்கள். 4, 5 மாதத்தில் குப்புறப் படுத்துக் கையை ஊன்றித் தலையைத் தூக்கும். 7 மாத வாக்கில் ‘பாபாபா, தாதாதா’ என்று நாக்கும் உதடும் பழகும். 9 மாதத்தை ஒட்டிக் கை தட்டும். 12 மாதம் சுமாருக்கு நடக்கும். ஒன்றரை வயதில் பாவனை விளையாட்டு தொடங்கும். பிள்ளைத்தமிழின் கணக்கோடு இது ஏறக்குறைய ஒத்துப்போகிறது. அளவுகோலும் கடிகாரமும் இல்லாமல், பாயில் கிடக்கும் குழந்தையைத் தலைமுறை தலைமுறையாகக் கூர்ந்து பார்த்த அம்மாக்களும் பாட்டிகளும் சேர்த்த அறிவு அந்தக் கணக்கு. புலவர்கள் அதைப் பாட்டாக்கினார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

2006-ல் உலக சுகாதார நிறுவனம் ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டது. இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் குழந்தைகள் எப்போது உட்காருகின்றன, நிற்கின்றன, நடக்கின்றன என்று தொடர்ந்து பார்த்துக் குறித்தார்கள். தனியாக நடக்கத் தொடங்கியது சில குழந்தைகள் 8 மாதம் தாண்டியதும். சில குழந்தைகள் 17 மாதம் தாண்டி. இரண்டுமே ஆரோக்கியம்தான். நூற்றில் நாலு குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை, நேராக எழுந்து நடந்துவிட்டன. ஆகவே உங்கள் வீட்டுத் தம்பிப் பாப்பா 13-ஆம் மாதம் நடக்கவில்லை என்றால் எதிர்வீட்டுப் பாப்பாவோடு ஒப்பிட்டு யாரும் கவலைப்பட வேண்டாம். 18 மாதம் ஆகியும் நடக்காவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சரி, எல்லா நாட்டிலும் உடம்பு ஒன்றுதான் என்றால் நம்பிக்கைக்கு என்ன வேலை? கென்யாவில் கிப்சிகிஸ் மக்களின் ஊரில் 1970-களில் சார்ல்ஸ் சூப்பர் என்ற உளவியலர் இதைத்தான் தேடினார். உட்காருவதும் நடப்பதும் கற்றுக்கொடுத்தால்தான் வரும் என்று அந்த ஊர் அம்மாக்கள் நம்பினார்கள். தரையில் சின்னப் பள்ளம் தோண்டி, குழந்தை சாயாமல் இருக்கச் சுற்றிலும் துணி வைத்து உட்காரப் பழக்கினார்கள். கையைப் பிடித்து நடத்தினார்கள். அமெரிக்கக் குழந்தைகளைவிட அந்தக் குழந்தைகள் சுமார் ஒரு மாதம் முந்தி உட்கார்ந்தன, நடந்தன. ஆனால் தவழ்வதில் முந்தவில்லை. தவழ யாரும் பழக்கவில்லையே! எதைப் பழக்கினார்களோ அது மட்டும் சீக்கிரம் வந்தது. அம்மா நம்பியது அவள் கை வழியாகக் குழந்தையின் காலுக்குள் போயிருக்கிறது.

நம் ஊரில் இதற்கு இருப்பது மரத்தாலான மூன்று சக்கர நடைவண்டி. குழந்தை அதைப் பிடித்து எழுந்து, தன் எடையைத் தானே தாங்கித் தள்ளிப் போகும். இப்போது பல வீடுகளில் அந்த இடத்துக்கு வந்திருக்கும் வாக்கரில் குழந்தை நடுவில் உட்கார்ந்துகொள்கிறது. விரல் நுனியால் தரையை உந்தினால் போதும், வண்டி ஓடும். நடை சீக்கிரம் வரும் என்று நம்பித்தான் வாங்கித் தருகிறார்கள். அது நடையைச் சீக்கிரமாக்குவதில்லை, படியில் உருண்டு தலையில் அடிபடுவதற்கும் காரணமாகிறது என்று கண்டு, கனடா 2004-ல் அதன் விற்பனைக்கே தடை போட்டது. நடைவண்டியும் வாக்கரும் ஒன்றுபோலத் தெரியும். எடையை யார் தாங்குகிறார்கள் என்பதுதான் வித்தியாசம்.

பிள்ளைத்தமிழில் ஓர் இடம் என்னை உறுத்தும், அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஏழு பருவங்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. கடைசி மூன்றில் பாதை பிரியும். ஆண் குழந்தைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண் குழந்தைக்கு அம்மானை, நீராடல், ஊசல் போன்றவை. ஆண்பால் பாட்டின் சிற்றில் பருவத்தில் மணல் வீடு கட்டுவது சிறுமிகள். எங்கள் வீட்டை இடிக்காதே என்று அந்தச் சிறுவனிடம் கெஞ்சுவதும் அவர்களே. பறை கொட்டுவதும் தேர் இழுப்பதும் ஏன் பெண் குழந்தைக்கு இல்லை? கையிலோ காலிலோ வித்தியாசம் இருக்கிறதா? ஐந்து நாட்டு ஆய்வு இதையும் பார்த்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி அட்டவணை போடும் அளவுக்கு எந்த வேறுபாடும் இல்லை.

வேறுபாடு வேறோர் இடத்தில் இருந்தது. 2000-ல் நியூயார்க் ஆராய்ச்சியாளர்கள் செய்த சோதனையைக் கேளுங்கள். ஒரு சரிவுப் பலகை. அதன் சாய்வைக் கூட்டலாம், குறைக்கலாம். 11 மாதக் குழந்தைகளின் அம்மாக்களிடம், “உங்கள் குழந்தை எவ்வளவு செங்குத்தான சரிவில் தவழ்ந்து இறங்கும்? பலகையைச் சாய்த்துக் காட்டுங்கள்” என்றார்கள். பையன்களின் அம்மாக்கள் அதிகமாகச் சாய்த்தார்கள். பெண் குழந்தைகளின் அம்மாக்கள் குறைவாகச் சாய்த்தார்கள். பிறகு குழந்தைகளைத் தவழ விட்டார்கள். இரு பாலாரும் ஒரே அளவு திறமை காட்டினார்கள்! ‘நீ பொண்ணு, விழுந்துடுவே’ என்று 11-ஆம் மாதத்திலிருந்தே ஒரு குழந்தையைத் தடுத்துக்கொண்டே இருந்தால், ஏறிப் பழகும் வாய்ப்பு அவளுக்கு எத்தனை குறையும்! இதைப் படிக்கும் சிறுமிகளே, பூங்காவில் சறுக்குமரத்தின் மேல் படியில் நிற்கும்போது இந்தச் சோதனையை நினைத்துக்கொள்ளுங்கள்.

வயதைப் பருவங்களாகப் பிரிப்பது நமக்கு மட்டும் உள்ள வழக்கம் இல்லை. எத்தியோப்பியாவில் பெரும் எண்ணிக்கையில் வாழும் ஒரோமோ மக்கள், வாழ்க்கையை எட்டு எட்டு ஆண்டுகளாகப் பிரிக்கும் ‘கதா’ என்ற முறையை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு எட்டாண்டுப் படிக்கும் தனிக் கடமையும் பயிற்சியும் உண்டு; ஊர் நிர்வாகப் பொறுப்பும் அந்தப் படிகளின் வழியாகவே கைமாறும். 2016-ல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அவர்களிடம் ‘குத்திஃபச்சா’ என்ற தத்து வழக்கமும் இருக்கிறது. தத்து வந்த குழந்தைக்கும் பெற்ற குழந்தைக்கும் உரிமையில் எந்த வித்தியாசமும் கிடையாது. பிள்ளை தனி ஒரு வீட்டுக்கு மட்டும் சொந்தமில்லை, குலத்துக்கே சொந்தம் என்ற நம்பிக்கை அங்கே ஒரு குழந்தைக்கு அம்மாவையும் அப்பாவையும் தேடித் தருகிறது. இரவில் பெரியவர்கள் சின்னவர்களுக்கு விடுகதை போடுவதும் ஒரோமோ வீடுகளில் உண்டு. அதைப் படித்தபோது அவர்கள் நமக்கு மிகவும் நெருங்கியவர்களாகத் தெரிந்தார்கள்.

மறுபடியும் நிலாவுக்கு வருவோம். மொட்டைமாடியில் பாட்டி ஒரு கையில் பருப்புச்சாதக் கிண்ணத்தோடு, “அங்க பாரு நிலா!” என்று விரல் நீட்டுகிறார். குழந்தை வாயைத் திறக்கிறது, ஒரு கவளம் உள்ளே போகிறது. சோறு ஊட்டும் தந்திரம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். உள்ளே பெரிய வேலை ஒன்று நடக்கிறது. விரல் நீட்டினால் சின்னக் கைக்குழந்தை விரலையே பார்க்கும். ஒரு வயதை ஒட்டித்தான் விரல் காட்டும் திசையில் பார்க்கவும், தானே விரல் நீட்டவும் கற்கிறது. ‘நீ பார்ப்பதையே நானும் பார்க்கிறேன்’ என்று இரண்டு பேரின் கவனமும் ஒரு பொருளில் சேரும் நேரத்தில்தான் அதன் பெயர் மனத்தில் ஒட்டும். சீக்கிரமாக, அதிகமாக விரல் நீட்டும் குழந்தைகள் சீக்கிரம் சொற்களைப் பிடிக்கின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிள்ளைத்தமிழ் அம்புலியை 15-ஆம் மாதத்தில் வைத்தது எவ்வளவு பொருத்தம், பார்த்தீர்களா?

என்ன பேசுகிறோம் என்பதிலும் நம்பிக்கை நுழைகிறது. அமெரிக்க அம்மாக்களுக்கும் ஜப்பானிய அம்மாக்களுக்கும் ஒரே மாதிரிப் பொம்மைகளைக் கொடுத்து, குழந்தையோடு விளையாடச் சொன்னார்கள். 1993-ல் வந்த ஆய்வு அது. அமெரிக்க அம்மாக்கள் “இது கார், பார், சக்கரம்” என்று பெயர் சொன்னார்கள். ஜப்பானிய அம்மாக்களோ, “இந்தா, உனக்கு. இப்போ எனக்குக் கொடு. நன்றி!” என்று கொடுக்கல் வாங்கலாக விளையாடினார்கள். பொருளை அறிய வேண்டும் என்பது ஒரு பக்கத்து ஆசை. மனிதரோடு பழக வேண்டும் என்பது மறுபக்கத்து ஆசை. அமெரிக்கக் குழந்தைகளுக்குப் பொருட்பெயர்கள் அதிகம் தெரிந்திருந்தன. “தாத்தாவுக்கு ஒரு வாய் குடு”, “மாமாவுக்கு டாட்டா சொல்லு” என்பதை நம் வீடுகளில் நீங்கள் கேட்டதே இல்லையா என்ன!

ராஜா அண்ணாமலைபுரத்தின் தெற்கே அடையாறு ஓடுகிறது. திரு.வி.க. பாலத்தைத் தாண்டினால் அக்கரையில் பிரம்மஞான சபைத் தோட்டம். இத்தாலியரான மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தொடங்கியது அங்கேதான். உலகப் போர் காரணமாக 1946 வரை அவர் இந்தியாவிலேயே இருந்தார். குழந்தையின் கை தானே வேலை செய்ய வேண்டும், பெரியவர் குறுக்கே வராமல் நின்று பார்க்க வேண்டும் என்பது அவருடைய நம்பிக்கை. நம் பாட்டிகள் நம்புவது ஊட்டிவிடும் கையை. இன்று ஒரே குழந்தை காலையில் மாண்டிசோரி வகுப்பில் குவளையிலிருந்து தானே தண்ணீர் ஊற்றிக் குடிக்கிறது. இரவில் பாட்டி உருட்டித் தரும் கவளத்துக்கு வாயைத் திறக்கிறது. இரண்டு கைகளும் அதற்கு வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். ஒன்று ‘உன்னால் முடியும்’ என்கிறது, மற்றது ‘உனக்கு நான் இருக்கிறேன்’ என்கிறது.

இந்த மாதச் செய்முறை இதுதான். ஒன்றரை வயதுக்குக் கீழே குழந்தை இருக்கும் வீடு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அந்த அம்மாவிடமோ பாட்டியிடமோ, “அத்தை, பாப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக் குறிப்பெடுத்துக்கலாமா?” என்று அனுமதி கேளுங்கள். நோட்டில் ஒரு பக்கத்தை நடுவே கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப் பக்கம் நீங்கள் கண்ணால் கண்டதை மட்டும் எழுத வேண்டும்: குப்புறப் படுக்க வைத்தார்கள், விரல் நீட்டினார்கள், பொம்மையை வாங்கித் தாத்தாவிடம் கொடுக்கச் சொன்னார்கள். வலப் பக்கம், ‘ஏன்?’ என்று நீங்கள் கேட்டபோது அவர்கள் சொன்ன காரணத்தை, அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள். சிரிக்கவும் கூடாது, திருத்தவும் கூடாது. தேன், கண்மை போன்ற எதையாவது கண்டால் மட்டும் உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் சொல்லி, அவரைப் பேசச் சொல்லுங்கள். குழந்தையின் வயதை மாதத்தில் குறியுங்கள், பெயர் வேண்டாம். எழுதி முடித்ததும் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களை எடுத்துவைத்து, உங்கள் பாப்பா எதில் இருக்கிறது என்று பாருங்கள்.